மாமனாரைச் சோதித்த ஜாப்

என்னைப் போல ஒரு மடையன் கெடா மாநிலத்திலேயே இருந்திருக்க முடியாது. வருங்கால மாமனாரின் தலைத்துண்டை அவிழ்க்கச் சொன்னால், அவர் என்னை மெச்சிப் பெண் கொடுத்துவிடுவார் என்று நம்பியவன் நான்.

'ஜாப்' என்ற ஆங்கிலச் சொல் தலைக்கு ஏறியதால் வந்த வினை அது. மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், சிடாம் கிரிப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று, பால் வடிக்கப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. வாசலில் நின்று சோதிக்க ஆள் எடுத்தார்கள். நானும் ஒருவனானேன். காக்கிச் சட்டை, தொப்பி, எனக்கு முன்னால் யாரோ குண்டு மனிதர் ஒருவர் போட்டிருந்த அரைக்கால் சட்டை.

தோட்டத்தில் மரம் வெட்டினால் அது வேலை. புல் பிடுங்கினாலும் வேலைதான். மலாய்க்காரர்களிடம் பேசும்போது அதையே கெர்ஜா என்போம். ஆபீசில் நாற்காலி கிடைத்தால் உத்தியோகம். வியர்வையும் இல்லாமல் நாற்காலியும் இல்லாமல், சட்டையில் பித்தளைப் பொத்தான் மட்டும் மின்னினால் அதுதான் ஜாப். ஆபீசில் கணக்கு எழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருநாள் சொன்னார்: "தம்பி, பென்சன் வந்தாத்தான் உத்தியோகம். உம்மட இது வெறும் ஜொப்." அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை எனக்குப் பெண் கேட்கப் போனாள். பெண்ணின் அப்பா எங்கள் தோட்டத்திலேயே மரம் வெட்டுகிறவர்.

"பையன் என்னா வேல செய்யிறான்?"

"வேலையெல்லாம் செய்ய மாட்டாண்ணே. அவனுக்கு ஜாப்பு!"

"அப்படியா? பாத்துட்டுச் சொல்றேன்."

பார்க்கட்டுமே என்று துள்ளினேன். மறுநாள் காலை அவர் வரிசையில் வந்தார். மற்றவர்களைத் தட்டிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்த நான், அவரிடம் முழுத் திறமையையும் காட்டினேன். பால் வாளியைக் கவிழ்த்தேன். தண்ணீர்ப் போத்தலை முகர்ந்தேன்.

"மாமா, தலைத்துண்டு."

"துண்டுமா?"

"ரூல்ஸ்-லா, மாமா."

பின்னாலிருந்து ஓர் அக்கா குரல் கொடுத்தாள்: "என்னா தம்பி, தலைதீபாவளி வேட்டிய இப்பவே தேடுறீங்களா?"

வரிசையே சிரித்தது. அவர் துண்டை அவிழ்த்தார். வாழையிலையில் சுற்றிய தேங்காய் ரொட்டி, சூடு ஆறாமல், என் பூட்ஸ் மேல் விழுந்தது.

சிரிப்பு நின்றுபோயிற்று. இத்தனை பேருக்கு முன்னால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அவர் என்னைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு வெறும் வயிற்றோடு போய்விட்டார். அவரோடு என் கல்யாணமும் நடந்து போவதுபோல் இருந்தது. ரொட்டியை என்னோடு காவல் நின்ற கூட்டாளி தின்றான். "பொண்ணு சுட்டதா? நல்லாருக்கு-லா" என்று விரலை வேறு நக்கினான்.

சாயங்காலம் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பால்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"மாமா, காலையில நடந்தது... அத வுட்டுடுங்க. நாளைக்கு அத்தையோட பொண்ணு பாக்க வரலாமா?"

கத்தி முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"வா. சாப்புட்டுட்டு வா."