நான் வெட்டிய நகம்

ஒரு பெண்ணின் தொழிலை ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியால் கெடுத்தவன் நான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாறசாலையில் எங்கள் தெருமுனையில்தான் ஷைனியின் மேனிக்யூர் கடை. ஒற்றை அறை, கண்ணாடிக் கதவு. கைகளை வெந்நீரில் ஊறவைத்து, நகம் திருத்தி, பாலிஷ் போட்டுவிடுவாள். அம்பூரியில் ரப்பர் வெட்டும் பெண்கள்கூட, மகள் கல்யாணத்துக்கு முன்னால், விரலில் கறுத்துப்போன பால்கறையை எடுக்க இவளைத் தேடி வருவார்கள்.

என் மனைவி பத்மாவும் போனாள். நான்காம் நாள் மோதிர விரலில் நகச்சுற்று. வீங்கிச் சீழ் வைத்து, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கீற வேண்டியதாயிற்று. வெளியே காத்திருந்தபோது குடியிருப்போர் குழுவில் எழுதினேன்: 'ஷைனி கடையில் கருவிகளைக் கழுவுவதில்லை. என் மனைவிக்கு விரலே போயிருக்கும். ஜாக்கிரதை!'

முப்பது வருடம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

பிறகு உள்ளே கூப்பிட்டு டாக்டர் கேட்டார்: "நகத்தோரத் தோலை இவ்வளவு ஆழமா வெட்டினது யாரு?"

பத்மா என்னைப் பார்த்தாள். கடைக்குப் போய்வந்த மறுநாள், தோல் பிசிறு உறுத்துகிறது என்றிருந்தாள். வெட்டிவிட்டது நான். என் கால்நகம் வெட்டும் பழைய நகவெட்டியால் — கழுவாமல்.

உடனே குழுவில் திருத்தி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மரியாதை போய்விடுமே!

நான்கு மாதம் ஓடியது. ஷைனி கடைக்குக் கல்யாணப் பெண்கள் வருவது நின்றுபோனது. போன மாதம் சாப்பிடும்போது பத்மா சொன்னாள்: "அந்தப் பிள்ள கடைய மூடப் போவுதாம். நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

அன்றே குழுவில் உண்மையை எழுதினேன். வந்தவை எல்லாம் கும்பிடு எமோஜிகள். 'சாருக்கு எவ்வளவு பெரிய மனசு!' என்று பாராட்டு வேறு. கடைக்கு? ஒருவரும் போகவில்லை.

அடுத்த சனிக்கிழமை நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். துடைத்துக்கொண்டிருந்த கிண்ணத்தை ஷைனி கீழே வைக்கவில்லை.

"உயிருள்ள தோல நான் வெட்டவே மாட்டேன் சாறே. குச்சி வச்சுப் பின்னால தள்ளத்தான் செய்வேன். ஒரு வாட்டி வந்து கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும்."

"எழுதிப் போட்டதுல உங்களுக்கு மனசு லேசாச்சு. எனக்கு ஆளு வரணுமே?"

"நான் என்ன செய்யட்டும்?"

நாற்காலியைக் கண்ணாடிக் கதவோரம் இழுத்துப் போட்டாள். "இரிங்க. கைய நீட்டுங்க. நாலுபேரு பாக்கட்டு."

வெந்நீரில் கைகளை வைத்தேன். சந்தைக்குப் போகிற கூட்டம் எட்டிப் பார்த்தது. "எலே மக்கா, நம்ம சாறு மாப்பிள்ளையாட்டு கல்யாணத்துக்கு ஒருங்குதாரு, பாத்தியா!" என்று ஒரு குரல். கூச்சம் பிடுங்கித் தின்றது. கையை எடுக்கவில்லை.

தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் போய் உட்கார்ந்தேன். பத்மாவும் வந்தாள். கடையை மூடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருப்பதாக ஷைனி சொன்னாள்.

போன வாரம், ஒருவழியாக, எங்கள் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். உட்காரும் முன் ஒருவர் கேட்டார்:

"சாமானெல்லாம் கழுவினதுதானே, மோளே?"

ஷைனி என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டெரிலைசரைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள்.

குழுவில் எழுதிய பொய்யை நானே மறுத்து எழுதிவிட்டேன். இந்தக் கேள்வியை எங்கே போய் அழிப்பது?