தேர் இழுத்த கார்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் தேரை லோரிதான் இழுக்கும். எழுபதுகளில் ஒரு திருவிழாவன்று லோரி பழுதானது. கோயில் தலைவரான நான் முனியனின் வாடகைக் காரைக் கேட்டேன். அவன் பிழைப்பே தானாகக் கியர் மாறும் அந்த ஆட்டோ கியர் கார்தான்.

தேர் வைத்த டிரெய்லரைப் பின்னால் மாட்டி, நடை வேகத்தில் ரிங்லெட் மலைச்சாலை மேட்டில் ஏறினோம்.

பாதியில் முனியன், "அண்ணே, கியர் எண்ணெ கருகுது. நிறுத்தி ஆறவிடலாம் லா" என்றான்.

"சாமி நடுமேட்டுல நின்னா அபசகுனம். அது சாம்பிராணி வாசம்தான், ஓட்டு."

கோயில் வாசலை எட்டியதும் கார் நின்றுபோனது. கியர் பெட்டி எரிந்துபோயிருந்தது.

"அம்மனுக்குச் செஞ்சதா நெனச்சுக்கப்பா" என்றேன். தலையாட்டினான்.

காரைச் சரிசெய்யப் பணமில்லாமல், மறுமாதம் தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டான். இன்றும் என்னைக் கண்டால் கும்பிடுகிறான்.

அம்மன் அந்தக் காரைக் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.