மகாவலியின் முதல் அத்தியாயம்

நாகேசு மாஸ்டர் காலமாகிவிட்டார் என்ற செய்தியைச் சொல்ல வந்தவர் அவருடைய மைத்துனர். சைக்கிளை விட்டு இறங்காமல், வாசல் படலையடியில் ஒரு காலை ஊன்றியபடியே, "விடிய ஐஞ்சு மணிக்கு, ரீச்சர். பின்னேரம் எடுக்கினம்" என்றார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாஸ்டர் வேலணைத் தீவில் பிறந்தவர். அங்கேயே நெடுங்காலம் புவியியல் கற்பித்தவர். அதே பாடசாலையில் நான் வரலாறு கற்பித்தேன். ஓர் ஓடைகூட இல்லாத தீவில் இருந்துகொண்டு மகாவலி ஆற்றைப் பற்றி நூல் எழுதப் புறப்பட்டவர் அவர். ஆற்றின் போக்கு அவருடைய பொறுப்பு. அதன் கரையில் எழுந்த அரசுகளும் அணைகளும் தேயிலைத் தோட்டங்களும் என்னுடையவை. எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்தோம். அவர் பிடிவாதக்காரர், நான் வாய்க்காரி. வேலை மெதுவாகத்தான் நடந்தது.

நிலப்படங்களை மட்டும் வைத்துப் பெரும்பகுதியை எழுதிய பின்பு, போரால் மூடிக் கிடந்த பாதை திறந்திருந்த ஒரு விடுமுறையில் மூதூர்ப் பக்கம் போனார். ஆறு கொட்டியாரக் குடாவில் விழுவதற்குச் சற்று மேலே, குளிப்பதற்கு வாளியோடு இறங்கியவர் நாலு வாளி அள்ளி ஊற்றிவிட்டு ஒதுங்கி நின்றாராம். எங்கள் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் அப்படித்தான். கொஞ்சம் அள்ளி, ஊறவிட்டு, பிறகுதான் அள்ள வேண்டும். அவசரப்பட்டால் உவர் ஏறிவிடும். ஏன் நிற்கிறீர்கள் என்று துணி துவைத்த பெண்கள் கேட்டதற்கு, ஊறட்டும் என்று பதில் சொல்லியிருக்கிறார். அவர்கள் சிரித்து முடியும்வரை தாம் செய்தது அவருக்கு விளங்கவில்லை.

வந்ததும் முதல் வேலையாக, ஆற்றங்கரை ஊர்கள் முறைவைத்துத் தண்ணீர் அள்ளுவதாக எழுதியிருந்த பக்கங்களைக் கிழித்தார்.

"ஆறெண்டு நினைச்சு எங்கட கிணத்தை எழுதி வைச்சிருக்கிறன், ரீச்சர். இனிப் பாக்காத இடத்தை எழுதமாட்டன்."

சொன்ன சொல்லில் நின்றார். அதனால், ஆறு பிறக்கும் இடத்தைச் சொல்ல வேண்டிய முதல் அத்தியாயம் வெறுந்தாளாகவே கிடந்தது. தொண்ணூறில் தீவை விட்டு யாழ்ப்பாண நகருக்கு இடம்பெயர்ந்தபோது அந்த வெறுந்தாள்களையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு வயிற்றில் கட்டி கண்டது. கொழும்பில்தான் வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் வர ஒரு மாத அனுமதிப் பாஸ் அவருக்கு மட்டும் கிடைத்தது. மனைவி பூரணம் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, தனியே கொழும்பு போய்ச் சேர்ந்தார். வைத்தியசாலையில் நாள் குறித்தார்கள். இடையில் ஐந்து நாள் இருந்தது. மாஸ்டர், ஆறு பிறக்கும் மலைப்பக்கம் பார்க்க, அட்டனுக்கு ரயிலேறிவிட்டார்.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து பாதை அடைபட்டது. அவர் கொழும்புக்குத் திரும்பியபோது குறித்த நாள் கடந்திருந்தது. மறுபடி நாள் குறிக்கும்வரை காத்திருந்தால் பாஸ் முடிந்துவிடும். வெட்டாத வயிற்றோடு வந்து சேர்ந்தார்.

நான் கண்டபடி ஏசினேன். ஆறு எங்கும் ஓடிவிடாது, குணமான பிறகு போயிருக்கலாமே என்றேன்.

"வெட்டினாப் பிறகு மலை ஏற ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர். அதுதான் முன்னமே பாத்திட்டு வருவம் எண்டு போனனான்" என்றார்.

பூரணம் அக்கா ஒரு சொல்லும் ஏசவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துப் பிரதியை அக்கா அதன் பின் தொடவில்லை. ஏழு மாதம் பணிவிடை செய்தார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து ஆட்கள் போன பிறகு, அக்கா அந்தப் பிரதியை என் மடியில் வைத்து, மாஸ்டர் மலைக்குப் போய் வந்து எழுதியதை வாசிக்கச் சொன்னார். அது அரைப் பக்கந்தான்.

"ஆறு தொடங்கும் இடம் என்று நிலப்படம் ஒரு புள்ளியைக் காட்டுகிறது. அங்கே நின்றேன். ஆறு தெரியவில்லை, புல்தான் தெரிந்தது. பாதத்தை அழுத்தினேன். விரல்களைச் சுற்றித் தண்ணீர் வந்தது. காலை எடுத்ததும் மறைந்தது. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது."

"இவ்வளவுதானோ?" என்றார் அக்கா.

"ஓம், அக்கா."



"இன்னொருக்கா வாசியும், பிள்ளை."

வாசித்தேன். அக்கா வலது பாதத்தைச் சீமெந்து நிலத்தில் மெல்ல அழுத்திப் பார்த்தார். உங்கள் மேல் எனக்கிருந்த கோபம் அத்தோடு போயிற்று, மாஸ்டர். போய் வாருங்கள்.