காலையில் எழாத சர்வர்

எங்கள் கம்பெனியில் யாரையும் திட்டி வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ‘ங்க’ போட்டு அனுப்புவார்கள். முதலாளி அசல் கொங்குக்காரர். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அன்றைக்கு என் முன்னால் வந்து நின்று அவர் பேசிய மரியாதையில் என் நாற்காலி போனதென்றே நினைத்தேன்.

“ஏனுங்க அம்மணி, நாளைக்குக் காலையில பெட்டிக்கு ஒட்டற லேபிள் வந்துருமுங்களா? வரலீன்னா ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. பழைய சிஸ்டத்தையே போட்டுக்கலாமுங்க. நீங்க மறுபடி செக்கிங்குக்கே போயிருங்க கண்ணு.”

தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, நூல் பிசிறை வெட்டிப் போடுவதுதான் செக்கிங். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்க வேண்டும். தென்காசிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து நான் சேர்ந்த முதல் வேலை அதுதான். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஓடி, படித்து, கெஞ்சி, ஒரு நாற்காலியைப் பிடித்திருந்தேன். கட்டிங் ஹாலின் ஓரத்தில் பிளைவுட் தடுப்பு, அதற்குள் ஒரு சர்வர், ஒரு பிரிண்டர், ஒரு பீரோ, நான். அந்த நாற்காலியை என்னைப் பெற்றவளே வந்து கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

எல்லாம் புது ஓஎஸ் போட்டதிலிருந்து வந்த வினை. அதற்கு முன்னால் தையல் மிஷின்களைப் போலவே சர்வரையும் சாயங்காலம் அணைத்துவிட்டுத்தான் போவோம். காலையில் எழுப்பி, முந்தின நாள் கணக்கைப் படியெடுத்து முடிப்பதற்குள் பேக்கிங் ஆட்கள் லேபிளுக்காக வந்து கழுத்தில் மூச்சு விடுவார்கள். புது ஓஎஸ் ஏற்றிய பிறகு நான்தான் சொன்னேன்: ராத்திரி ஓடட்டும், தானே படியெடுத்து, தானே ரீபூட் ஆகி, காலையில் தயாராக நிற்கும் என்று. முதலாளிக்கு யோசனை ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் செத்துக் கிடந்தது. பட்டனை அழுத்தினால் எழுந்தது. ஆனால் பாதியில் செத்த மிஷின் சும்மா எழுமா? மத்தியானம் வரைக்கும் எங்கே கெட்டிருக்கிறது என்று தன் டிஸ்க்கையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் அதே கதை. பகலில் என் கண் முன்னால் எத்தனை தடவை ரீபூட் செய்தாலும் சமர்த்தாக எழும். நான் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனதும் படுத்துவிடும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தான். அவன் முன்னாலும் நல்ல பிள்ளையாக எழுந்தது. டீயைக் குடித்துவிட்டு, “மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், ஆபரேட்டரத்தான் பாக்கணும்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனான், பாவி. முதலாளி தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து சர்வருக்கு மேலே தொங்கவிட்டார்.

எனக்குச் சந்தேகமெல்லாம் கணக்கர் மேல். சேவூர்க்காரர், முதலாளிக்குத் தூரத்துப் பங்காளி. ஸ்டேப்ளர் பின்னைக்கூடப் பூட்டி வைத்து எடுத்துக் கொடுக்கிற ஆள். எல்லா அறைக்கும் சாவி அவரிடம்தான். ராத்திரியில் சர்வர் ஓடினால் கரண்டு பில் ஏறுமே என்று அவர்தான் பிளக்கைப் பிடுங்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்து முதலாளி முன்னால் நிறுத்தவில்லையென்றால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை!

முதலாளி வந்து ‘ங்க’ போட்ட அன்றைக்கே சாயங்காலம் ரீபூட்டுக்கு எல்லாம் போட்டு வைத்துவிட்டு, பஸ் ஏறப் போவதுபோல் போய், பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தேன். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். மூக்கில் பஞ்சு ஏறி, தும்மலை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

கணக்கர் வந்தார். வரிசையாகத் தையல் மிஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டே வந்தார். பஞ்சும் தூசியும் படியாமலிருக்க, வேலை முடிந்ததும் மிஷினை மூடுவது எங்கள் கம்பெனி வழக்கம்தான். பிறகு என் தடுப்பைத் திறந்து உள்ளே போனார். வா மகனே, பிடுங்கு என்று நான் எட்டிப் பார்த்தேன்.

அவர் பிடுங்கவில்லை. பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறினார். குளிர் நாட்டு ஆர்டரில் மிஞ்சிய, கம்பளி மாதிரி தடித்த ஃபிளீஸ் துணி. உள்ளே வெளியே இரண்டு மடிப்பு. சர்வரின் அளவுக்குக் கச்சிதமாகத் தைத்து, அடியில் இழுத்துப் பிடிக்கும் ரிப் பட்டை, முன்னால் ஜிப், கழுத்தில் எக்ஸெல் என்று சைஸ் லேபிள் வேறு. தலைவழியாக மாட்டி, ஜிப்பை மேலே வரைக்கும் இழுத்துவிட்டு, சுருக்கத்தை நீவிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்புகிற மாதிரி அப்படி ஒரு வாஞ்சை.

“அய்யய்யோ, என்ன பண்ணுதிய சார்! மூச்சு முட்டிச் சாவுதுல்லா!” என்று மூட்டையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன்.

மனுஷன் பேயைக் கண்டதுபோல் சுவரோடு ஒட்டிக்கொண்டார். “தூசி பூந்துருமுங்க. ரெண்டு வருசமா நாந்தான் தெனமும் போட்டுட்டு இருக்கறனுங்க. காலையில கூட்டறதுக்கு முன்னால கழட்டி வெச்சுருவனுங்க.”

“ரெண்டு வருசமும் அணைஞ்சு கெடந்துச்சு சார். இப்ப ராத்திரி பூரா ஓடுது!”

அவர் நம்பவில்லை. சரி, கொஞ்சம் உட்காருங்கள் என்று என் நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். சட்டையைக் கழற்றவில்லை. உள்ளே விசிறி முதலில் முனகியது, பிறகு கத்தியது. அவர் கையைப் பிடித்து ஃபிளீஸுக்குள் விட்டேன். சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். சர்வர் அணைந்துவிட்டது.

“கொன்னுபோட்டனுங்களா?” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சட்டை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது என்று நினைத்ததும் சிரிப்பு நின்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு அட்டைப் பெட்டி மூடியை அவர் கையில் கொடுத்து, “விசிறுங்க” என்றேன். ஆறும் வரைக்கும் விசிறினார். பட்டனை அழுத்தியதும் எழுந்து டிஸ்க்கைத் தடவ ஆரம்பித்தது. விடிய நேரமிருந்தது, தடவட்டும் என்று விட்டேன்.

வெளியே வரும்போது, “மொதலாளிகிட்ட சொல்லிப்போடாதீங்க அம்மணி” என்றார். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. எனக்கும் வரவில்லை.

காலையில் சர்வர் தயாராக நின்றது. பிரிண்டர் கரகரவென்று லேபிளைத் துப்ப, பெட்டிகளில் ஒட்டி, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி கிளம்பிப் போனது. முதலாளி வந்தார். பின்னாலேயே கணக்கரும் வந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

“என்ன கோளாறுங்க அம்மணி?”

கணக்கரைப் பார்த்தேன். அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

“சூடு சார். ராத்திரி பூரா ஓடுறதால சூடு தாங்கல. இந்த ரூமுக்கு ஏசி போட்டாத்தான் சரிப்படும். கணக்கர் சாரும் நேத்து கூட இருந்து கைய வச்சுப் பாத்தாக. வேணும்னா அவுகளயே கேளுங்க.”

முதலாளி கணக்கர் பக்கம் திரும்பினார். கம்பெனியில் ஃபேன் ரிப்பேருக்கே மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற கணக்கர், தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆமாங்க. ஏசி போட்டுத்தான் ஆகோணுமுங்க” என்றார்.

அந்த வாரமே ஏசி வந்தது. முதல் நாள் மத்தியானம் தடுப்புக் கதவைத் திறந்து வைத்து, செக்கிங் பிள்ளைகள் அத்தனை பேரையும் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே கூப்பிட்டேன். காலையிலிருந்து நின்ற கால்களை அந்தக் குளிர்ந்த தரையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் நாற்காலியிலும் ஒருத்தி ஏறிச் சுற்றினாள். கணக்கர் வந்து கதவருகில் நின்று, ஏசியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, குளிர் வெளியே போகாமலிருக்கக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.