நூற்றுக்கு நூறு உதயகுமார்

கணினித் திரையில் முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளும் பச்சையாகும் வரை உதயகுமார் காபியைத் தொடமாட்டார். பச்சையானதும் திரையை நடைபாதைப் பக்கம் திருப்பி வைப்பார். போகிறவர் வருகிறவர் யாரானாலும் நிறுத்தி, "பாத்துக்கோ நைனா, நூத்துக்கு நூறு. நம்ம கைல சிவப்பே வராது" என்பார். அதன் பிறகுதான் ஆறிப்போன காபி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லேத் பட்டறை ஒன்றை இடித்துக் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்தில் எங்கள் மென்பொருள் நிறுவனம். உதயகுமார் சோதனைப் பிரிவின் தலைவர். நான் எதிர் மேசைக்காரன். அவர் மேசையில் 'பிழையற்ற வெளியீடு' என்று பொறித்த கேடயங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் அவரைப் பரிந்துரைத்தவர் அவரே. திங்கள்தோறும் மஞ்சள் துணியால் அவற்றைத் துடைப்பார். கடவுச்சொல்லை மறந்துவிடுவார் என்பதால் திரையின் சட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

பரிசோதனைக்கூடம் ஒன்றின் ரத்த, சளி முடிவுகளை ஆஸ்பத்திரிகளின் கணினிகள் எங்கள் சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்பது இன்ன ஆஸ்பத்திரிதான் என்று நிரூபிக்க ஒவ்வொன்றிடமும் ஒரு சான்றிதழ்க் கோப்பு உண்டு. அதைக் காட்டினால்தான் சர்வர் வாய் திறக்க வேண்டும்; அதுவும் அந்த ஆஸ்பத்திரியின் நோயாளிகளைப் பற்றி மட்டும். இது ஒழுங்காக நடக்கிறதா என்று காலைதோறும் தானாக ஓடிப் பார்ப்பவைதான் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள். அத்தனைக்கும் உதயகுமார் கொடுத்திருந்தது ஒரே சான்றிதழ். எல்லா ஆஸ்பத்திரிகளின் விவரத்தையும் திறக்கும் நிர்வாகச் சான்றிதழ். பச்சை வராமல் என்ன செய்யும்?

விருத்தாசலத்திலிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் விடுதியில் தங்கியிருந்த சித்ரா, வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் இதைக் கேட்டாள்.

"சார், எல்லா டெஸ்ட்லயும் ஒரே சர்டிஃபிகேட்தான் போகுது. காலாவதியானத அனுப்பினா என்ன ஆகும்? ஒரு ஆஸ்பத்திரியோடத வச்சு இன்னொரு ஆஸ்பத்திரி பேஷன்ட்டக் கேட்டா?"

"எவன்மா அப்டி கேக்கப் போறான்? அவனுக்கு வேற வேல இல்லயா? ஓடறத ஓட வுடு."

அவள் விடவில்லை. புதிதாக ஏழு சோதனைகள் எழுதினாள். ஐந்து பச்சை, இரண்டு சிவப்பு. பூந்தமல்லியில் உள்ள ஒரு கிளினிக்கின் சான்றிதழைக் காட்டி ஆவடி ஆஸ்பத்திரி நோயாளியின் முடிவைக் கேட்டால், சர்வர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தது. மறுநாள் மென்பொருளின் புதிய பதிப்பு வெளியீடு. காலை பதினொரு மணிக்கு உதயகுமார் அந்த ஏழையும் அழித்தார். "வந்த மூணு மாசத்துல என் ரிப்போர்ட்ல சிவப்பு அடிக்கிறியே கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து அந்தப் பூந்தமல்லி கிளினிக்கின் குமாஸ்தா ஒரு நோயாளியின் எண்ணைத் தவறாக அடித்தான். திரையில் வந்தது ஆவடி ஆஸ்பத்திரியில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மதிவதனியின் சளிப் பரிசோதனை முடிவு. அவள் அவன் தெருக்காரி. அன்று மாலைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தும், அவள் மேற்பார்வையாளராக இருந்த தையல் கம்பெனி வேலைக்கு வர வேண்டாம் என்றது. மதிவதனி பரிசோதனைக்கூடத்தில் எழுத்தில் புகார் கொடுத்தாள். அது எங்களிடம் வந்தது.

மேலாளர் மனோகரன் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"சார், நம்ம ரிப்போர்ட்ல ஆல் பாஸ்" என்றார் உதயகுமார். "அவன் நம்பர தப்பா போட்டா நாம இன்னா பண்றது?"

சித்ரா மாற்றங்களின் பதிவைத் திறந்தாள். இரண்டு சிவப்பு உட்பட ஏழு சோதனைகள், அழித்த தேதி, நேரம், பக்கத்தில் உதயகுமாரின் பெயர்.

"என் லாகின்ல வேற எவனோ பூந்து பண்ணிக்கீறான் சார்."

கடவுச்சொல்லைத் திரைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருப்பவரின் இந்த வாதத்தை யாராலும் மறுக்க முடியவில்லை.

ஓட்டையை இரண்டே நாளில் அடைத்தார்கள். சித்ராவின் ஏழு சோதனைகளும் திரும்பி வந்தன. எழுதியவர் என்ற இடத்தில் உதயகுமார் இருந்தார். இப்போது மற்றப் பிரிவுகளுக்குச் சான்றிதழ்ச் சோதனை பற்றி அவர்தான் வகுப்பெடுக்கிறார். "நான் அப்பவே சொன்னேன்" என்றுதான் ஆரம்பிப்பார். சித்ராவை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

போன வாரம் மதிவதனி வந்தாள். தவறு எங்களுடையது என்று எழுத்தில் கொடுத்தால் கம்பெனியில் காட்டித் திரும்பவும் வேலை கேட்கலாம் என்பது அவள் எண்ணம். குத்தம்பாக்கம் பக்கம் வீடு மாறிவிட்டாளாம்; இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மனோகரன் வெளியூரில். உதயகுமார் எழுந்து போனார்.

"மேனேஜர் லெட்டர் தர்றேன்னு சொல்லியிருந்தாங்க சார்."

"தர்லாம்மா. ஆனா நீங்கதான் மதிவதனின்னு நான் எப்டி நம்பறது? ஆதார் கீதா?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தன் செல்பேசியில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு ஏதோ தட்டினார். மறு நொடி என் மேசையில் இருந்த செல்பேசி அதிர்ந்தது. நாற்பத்தாறு பேர் இருக்கும் அலுவலக வாட்ஸப் குழுவில் அவளுடைய ஆதார் அட்டை. அதன் கீழே, "டிபி கேஸ் மேடம் வந்துகீறாங்க. யார்னா லெட்டர் பிரின்ட் எடு."