ஃப்ரீசருக்கும் ஆயுத பூஜை

ஒரகடம் கிளியம்மாள், படப்பை ரோட்டில் இருந்த விதைக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவினாள். 1991-இல் அவளுக்கு இருந்த ஒரே கவலை, வேலை எப்போது நிரந்தரமாகும் என்பதுதான். அதற்கு ஆய்வாளர் ஜனார்தன் மனசு வைக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பிள்ளை. பக்தியும் அதிகம், முன்கோபமும் அதிகம்.

அவர் உயிரே ஃப்ரீசருக்குள் இருந்தது. சுண்டுவிரல் நுனியளவு குழாயில் கொஞ்சம் தண்ணீர் போல ஒன்று. பெயர் டி.டி.டி.பி. டி.என்.ஏ.வைக் கட்டும் நாலு வகைச் செங்கலில் அது ஒரு வகையாம். வெளிநாட்டிலிருந்து ஐஸில் வந்தது, இளகவே கூடாதாம். கழுவுகிறவளுக்கு ஒரு ஃபேன் இல்லை, இதற்கு இந்தக் குளிரா என்று கிளியம்மாளுக்கு வயிறு எரிந்தது. அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்தாள்.

“இன்னா சார், மாப்ள நல்லா தூங்குனாரா?” என்பாள் தினமும். ஜனார்தன் முறைப்பார்.

ஆயுத பூஜை வந்தது. “இன்னைக்கு ஒரு மெஷினும் ஓடக் கூடாது கிளியம்மா. எல்லாத்துக்கும் ஓய்வு குடுங்க” என்றார் ஜனார்தன். அவள் எல்லாவற்றையும் துடைத்து, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தாள். அவர் வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பொரிகடலை கொடுத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

விஜயதசமி விடுமுறை கழித்துத் திறந்தால், ஃப்ரீசரிலிருந்து வாசல்வரை தண்ணீர். மாப்பிள்ளை வெதுவெதுப்பாக இருந்தார்.

“யார் இதை அணைச்சது?”

கிளியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது: வேலை போச்சு! ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “நான்தான் சார். அணைக்கச் சொன்னது நீங்க. இது நெத்தியில பொட்டு வச்சதும் நீங்கதான். இதோ, இன்னும் அப்படியே கீது.”

ஜனார்தன் பொட்டைப் பார்த்தார்.

“மெட்ராஸ்ல முதலாளிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார் கடைசியில்.

“ஒரு தபா போட்டுத்தான் பாரேன் சார். செத்துப்பூட்டானா, உசுரோட கீறானான்னு தெரிஞ்சுடும்.”

போட்டார். மாப்பிள்ளையைச் சேர்த்து மெஷினில் டி.என்.ஏ.வை நகலெடுத்தார். சாயங்காலம் விளக்கடியில் அது கோடுகோடாக ஒளிர்ந்தது; மாப்பிள்ளை சாகவில்லை. படித்த மனுஷன் ஒரு குதி குதித்தார். கிளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் அடங்கியதும் ஜனார்தனுக்கு வேறொரு பயம் பிடித்தது: இவள் வாய் சும்மா இருக்காதே! அவளை ஓரக்கண்ணால் பார்த்தபடியே முதலாளிக்கு போன் போட்டார்.

“சார், கிளியம்மாளை உடனே பர்மனென்ட் பண்ணிடுங்க. காரணம் கேக்காதீங்க. இவங்களை இனிமே வெளியில விட முடியாது!”