பட்டு நூல்ல தச்ச கன்னு

கொழந்த பொறந்து ஒன்பதாம் நாள் போயிடுச்சு. வீட்லயே கெடந்தா பைத்தியம் புடிச்சிடும்னு ஒரு மாசத்துல வேலைக்குத் திரும்பிட்டேன். ஆரணிப் பக்கம் மாட்டு டாக்டர் நான். பால் நிக்க மாத்திரை குடுத்திருந்தாங்க, முழுங்கிகினுதான் இருந்தேன். நின்ன பாடில்ல. அது மட்டும் நின்னுட்டா பொழச்சுக்குவேன்னு நெனச்சேன்.

முள்ளிப்பட்டுல பட்டுத் தறி வெச்சிருக்கிற ஒரு அம்மா கூப்ட்டிருந்தாங்க. அவங்க பசுவோட கன்னு செத்துப்போச்சு. மடி நெறைய பால வெச்சிகினு மாடு சொரப்பு விடல, சொட்டுப் பால் எறங்கல. யாரோ சொன்னாங்கன்னு வேளைக்கு ஒரு பால் ஊசி போட்டிருக்காங்க. எனக்குத் தலைக்கேறிடுச்சு. கன்னு முட்டினா மூளையிலேர்ந்து ரத்தத்துல கலக்கறதும் அந்த ஊசியில இருக்கறதும் ஒரே ஹார்மோன்தான், தெனம் குத்தினா அப்புறம் ஊசியில்லாம மடி எறங்காதுன்னு கத்திட்டு வந்தேன்.

நாலு நாள் கழிச்சு காலையில போனா, கொட்டாயில கன்னு நின்னுகினு இருக்கு. செத்துப்போன அதே கன்னு. செத்தன்னிக்கே தோல உரிச்சு உப்புப் போட்டு வெச்சிருந்தாங்களாம். இப்ப வைக்கோல் அடைச்சு, தறியில மிஞ்சின பட்டு நூலால தச்சிருக்காங்க. செவப்புத் தையல் கழுத்தச் சுத்திப் பளபளன்னு ஓடுது. கண்ணு இருந்த எடத்துல ரெண்டு ஓட்டை. மாடு அதோட முதுக நக்குச்சு. நக்க நக்க கன்னு ஆடுச்சு, உள்ள வைக்கோல் நொறுங்கற சத்தம் கேட்டுச்சு. மாடு தொண்டைக்குள்ளயே மெதுவா கூப்ட்டுச்சு. மடி எறங்கிடுச்சு.

ஏமாந்துடுச்சு பாவம்னு சொன்னேன்.

அந்த அம்மா பீச்சறத நிறுத்தல. "ஏமாறலீங்க மேடம். இத நிறுத்தின மொத நாள் மோந்து பாத்துட்டு அப்படிக் கத்துச்சு. அதுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விடுது."

ரவிக்கை சில்லுன்னு ஒட்டுச்சு. எனக்கும் பால் எறங்கிடுச்சு. பக்கத்துல எந்தக் கொழந்தையும் அழல, யாரும் தொடல. ஏன்னு பாடத்துல படிச்சவதான் நான், ஆனாலும் ரெண்டு கையாலயும் மாரப் பொத்திகினேன். அந்த அம்மா துண்ட எடுத்துக் குடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து பீரோவத் தொறந்தேன். அந்த ஒன்பது நாள்ல கொழந்தைக்குப் போட்ட சட்டை ஒண்ண தொவைக்காம கவர்ல மடிச்சு வெச்சிருந்தேன். தெனம் எடுத்து மோந்துட்டுதான் படுப்பேன். மாத்திரை குடுத்த டாக்டர் கிட்ட இதச் சொன்னதே இல்ல.

சட்டைய வாளியில போட்டு ஊற வெச்சேன். ரெண்டு வாரத்துல பால் நின்னுச்சு. என் கொழந்த செத்துப்போச்சுன்னு நான் வாய் விட்டு அழுதது பால் நின்ன அன்னிக்குத்தான்.